கிரெடிட் கார்டு இல்லாமல் துபாயில் வாடகைக் கார் எடுப்பது எப்படி?

துபாய்க்குச் சுற்றுலா போகும் நம் ஆட்கள் பலரிடம் கிரெடிட் கார்டு கிடையாது. வங்கி டெபிட் கார்டும், பயணத்துக்காக வாங்கிய ஃபாரெக்ஸ் கார்டும்தான் இருக்கும். ஹோட்டல், கடை, டிக்கெட் எல்லாவற்றுக்கும் அவை போதும். வாடகைக் கார் கவுன்டரில் மட்டும் போதாது.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. முன்பதிவு செய்து வாடகையை முழுதாகக் கட்டியிருந்தோம். விமான நிலையத்தில் இறங்கி, குழந்தைகளும் பெட்டிகளுமாக நடுராத்திரியில் கவுன்டரில் நின்றபோது, "ஓட்டுநர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும்" என்றார்கள். டெபிட் கார்டில் பணம் இருக்கிறது என்று காட்டியும் சாவி கிடைக்கவில்லை. கட்டிய வாடகையிலும் ஒரு பகுதியை ரத்துக் கட்டணமாகப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாளிலிருந்து உறவினர்கள், தேராவிலும் அல் குசைஸிலும் இருக்கும் சின்ன நிறுவனங்கள் என்று அலைந்து விசாரித்த பிறகுதான் இதற்கு ஒழுங்கான வழி இருப்பது தெரிந்தது. அதை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இது விசிட் விசாவில், அதாவது சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு. அங்கே வேலைக்குப் போய் ரெசிடென்ஸ் விசா பெற்றுவிட்டால் இந்திய லைசென்ஸும் சர்வதேச அனுமதியும் செல்லாது. அமீரக லைசென்ஸ் எடுத்தாக வேண்டும்.

1. சிக்கல் வாடகையில் இல்லை, டெபாசிட்டில்

காரைத் திருப்பிக் கொடுத்த பிறகும் உங்கள் பெயரில் பில் வந்துகொண்டிருக்கும். கேமராவில் பதிவான வேக அபராதம், சாலிக் என்ற சுங்கக் கட்டணம், பார்க்கிங் அபராதம் எல்லாம் சில நாள் கழித்துத்தான் நிறுவனத்தின் கணக்கில் தெரியும். அதற்குள் நீங்கள் மதுரைக்கோ கோவைக்கோ போய்ச் சேர்ந்திருப்பீர்கள். அந்தப் பணத்தை யாரிடம் வாங்குவது என்பதுதான் அவர்களுடைய பயம். அதற்காகத்தான் டெபாசிட்.

கிரெடிட் கார்டு என்றால் அதன் வரம்பில் ஒரு தொகையை முடக்கி வைப்பார்கள். பணம் போகாது, தடை மட்டும் இருக்கும். ப்ரீ-ஆத் என்று கவுன்டரில் சொல்வது இதைத்தான். டெபிட் கார்டில் அப்படி முடக்கினால் உங்கள் கணக்கிலிருக்கும் சொந்தப் பணமே முடங்கும். அதற்கும் மேலே, பல இந்திய டெபிட் கார்டுகளில் இந்த முடக்கும் வகைப் பரிவர்த்தனையே நடக்காது. கணக்கில் லட்ச ரூபாய் இருந்தாலும் மெஷின் 'டிக்லைன்ட்' என்றுதான் காட்டும். ஃபாரெக்ஸ் கார்டு ப்ரீபெய்டு வகை. அதில் போட்ட பணம் தீர்ந்துவிட்டால் பிறகு எதையும் வசூலிக்க முடியாது. ஆகவே பெரிய சர்வதேச நிறுவனங்கள் பெரும்பாலும் அதை ஏற்பதில்லை.

அதனால் நீங்கள் தேட வேண்டியது குறைந்த வாடகையை அல்ல. உங்கள் கையில் இருக்கும் கார்டிலோ ரொக்கத்திலோ டெபாசிட் வாங்கிக்கொண்டு, அதை ஒழுங்காகத் திருப்பித் தருகிற நிறுவனத்தை. கீழே உள்ள எல்லாமே அதைச் சுற்றித்தான்.

2. ஊரிலிருந்து கிளம்பும் முன் எடுக்க வேண்டிய ஆவணங்கள்

முதல் வேலை சர்வதேச ஓட்டுநர் அனுமதி. ஐடிபி என்று சொல்வார்கள். உங்கள் லைசென்ஸ் எந்த ஆர்டிஓ ஆபீஸின் கீழ் வருகிறதோ அங்கே விண்ணப்பிக்க வேண்டும். பரிவாகன் சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ நிரப்பி, செல்லுபடியாகும் லைசென்ஸ், பாஸ்போர்ட், விசா நகல், மருத்துவச் சான்றான படிவம் 1ஏ ஆகியவற்றை இணையுங்கள். விமான டிக்கெட்டும் கேட்கலாம், கையில் வைத்திருங்கள். அடிப்படைக் கட்டணம் 1,000 ரூபாய், சேவைக் கட்டணம் தனி. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். லைசென்ஸ் அதற்கு முன்பே காலாவதியானால் ஐடிபியும் அன்றோடு முடிந்துவிடும்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஐடிபிக்கு விசா நகல் வேண்டும். துபாய் விசாவைப் பலரும் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் எடுக்கிறார்கள். பிறகு ஆர்டிஓ ஆபீஸுக்கு ஓட நேரமிருக்காது. ஆகவே விசாவை மூன்று நான்கு வாரம் முன்பே எடுத்துவிடுங்கள். விசா வந்த பிறகு நாட்டுக்குள் நுழைய எத்தனை நாள் அவகாசம் என்று அதிலேயே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டு நாளைக் குறியுங்கள். ஐடிபி இல்லாமல் துபாய் போய் இறங்கிவிட்டால், அங்கிருந்தபடி முதல்முறை எடுப்பது பெரும்பாடு. இலங்கையிலிருந்து போகிறவர்கள் கொழும்பிலுள்ள ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோனில் இதை எடுத்துக்கொள்ளலாம்.

கவுன்டரில் கேட்கப்போவது: பாஸ்போர்ட் மூலப் பிரதி, விசா பிடிஎஃப், நுழைவு முத்திரை, லைசென்ஸ், ஐடிபி. லைசென்ஸ் என்றால் ஸ்மார்ட் கார்டாகக் கையில் இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருப்பதைப் போனில் காட்டினால் ஏற்கமாட்டார்கள். ஐடிபியை மட்டும் எடுத்துக்கொண்டு லைசென்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போனாலும் கதை முடிந்தது, இரண்டும் சேர்ந்தால்தான் செல்லும். விமான நிலையத்தில் ஸ்மார்ட் கேட் வழியாக வெளியே வந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. அதனால் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், நுழைந்த தேதிக்கு அது ஒரு சாட்சி.

வயது பொதுவாக 21 நிறைந்திருக்க வேண்டும். பெரிய வண்டிகளுக்குச் சிலர் 25 கேட்பார்கள். லைசென்ஸ் எடுத்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்பதும் பல இடங்களில் நிபந்தனை.

3. கையில் இருக்கும் கார்டைத் தயார் செய்வது

இந்திய கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி அது. வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டுக் கடைப் பரிவர்த்தனை, வெளிநாட்டு ஆன்லைன் பரிவர்த்தனை இரண்டையும் திறந்துவிடுங்கள். அதோடு தினசரி வரம்பையும் பாருங்கள். 1,500 திர்ஹாம் டெபாசிட்டே சுமார் 36,000 ரூபாய் (ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று வைத்தால்). அதன்மேல் வாடகை. வரம்பு 50,000 என்று இருந்தால் வாடகைக்கு ஸ்வைப் செய்யும்போது கார்டு நின்றுவிடும்.

கார்டு விசாவா மாஸ்டர்கார்டா ரூபேயா என்று திருப்பிப் பாருங்கள். அமீரகத்தில் ரூபே சில கடைகளில் செல்லும் என்றாலும், கார் கவுன்டருக்கு அதை நம்பிப் போக வேண்டாம். கார்டில் உங்கள் பெயர் அச்சாகியிருக்க வேண்டும். உடனடியாகத் தருகிற சில கார்டுகளில் பெயரே இருக்காது. பாஸ்போர்ட்டோடு பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதால் பெயரில்லாத கார்டைத் தள்ளிவிடுவார்கள்.

ஃபாரெக்ஸ் கார்டு வாங்குவதாக இருந்தால் டாலரில் அல்ல, திர்ஹாமிலேயே பணம் ஏற்றுங்கள். சாதாரண டெபிட் கார்டில் வெளிநாட்டில் செலவழித்தால் பல வங்கிகள் 3.5% வரை மார்க்அப் கட்டணமும், அதன்மேல் 18% ஜிஎஸ்டியும் பிடிக்கும். 36,000 ரூபாய் டெபாசிட்டுக்கு அது கிட்டத்தட்ட 1,490 ரூபாய். டெபாசிட் முழுதாகத் திரும்பி வந்தாலும் இந்தக் கட்டணம் திரும்பாது. திர்ஹாம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டில் இந்த இழப்பு இல்லை. அந்தக் கார்டில் டெபாசிட் ஏற்கும் உள்ளூர் நிறுவனம் கிடைத்துவிட்டால், நான் சிபாரிசு செய்வது இதைத்தான். ஒரே நிபந்தனை: ஊருக்குத் திரும்பியதும் மிச்சப் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை மூடிவிடாதீர்கள். டெபாசிட் அந்தக் கார்டுக்குத்தான் திரும்பி வரும்.

பயணத்துக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறதா? அப்படியானால் வங்கியில் ஒரு ஃபிக்ஸட் டெபாசிட் போட்டு, அதன்பேரில் கிரெடிட் கார்டு கேளுங்கள். சம்பளச் சான்று, பழைய கடன் வரலாறு எதுவும் பெரிதாகத் தேவைப்படாது. பொதுவாக டெபாசிட் தொகையில் 80 முதல் 90% வரை வரம்பு தருவார்கள். இதிலும் பல கார்டுகள் ரூபேயாகவே வருகின்றன, விசா அல்லது மாஸ்டர்கார்டு என்று குறிப்பிட்டுக் கேட்டு வாங்குங்கள். கணவன் அல்லது மனைவியிடம் கிரெடிட் கார்டு இருந்தால் ஆட்-ஆன் கார்டு எடுப்பது இன்னும் சுலபம். அதில் உங்கள் பெயரே அச்சாகி வரும்.

4. நிறுவனத்தைப் பிடிப்பது

விமான நிலையத்துக்குள் இருக்கும் கவுன்டர்களை விட்டுவிடுங்கள். தேரா, பர் துபாய், அல் குசைஸ், அல் பர்ஷா பகுதிகளில் உள்ளூர் வாடகை நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. டெபிட் கார்டு, ரொக்க டெபாசிட், டெபாசிட்டே இல்லாத திட்டம் என்று அவர்களிடம்தான் இளக்கம் இருக்கிறது. எல்லாப் பேச்சும் வாட்ஸ்அப்பில்தான் நடக்கும். அது நமக்கு நல்லதே, சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்கும். போனில் பேசினால்கூடக் கடைசியில் "நீங்கள் சொன்னதை ஒரு மெசேஜாகப் போட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள்.

முதல் மெசேஜிலேயே இதையெல்லாம் கேட்டுவிடுங்கள்: நான் இந்தியாவிலிருந்து விசிட் விசாவில் வருகிறேன், இந்திய லைசென்ஸும் ஐடிபியும் இருக்கின்றன, கிரெடிட் கார்டு இல்லை. டெபிட் அல்லது ப்ரீபெய்டு கார்டில் டெபாசிட் ஏற்பீர்களா? தொகை எவ்வளவு? முடக்குவீர்களா, பணமாக எடுப்பீர்களா? எத்தனை நாளில், எதன் வழியாகத் திருப்பித் தருவீர்கள்? ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? சாலிக் ஒரு தடவைக்கு எவ்வளவு பிடிப்பீர்கள்? விபத்து நடந்தால் நான் கட்ட வேண்டிய அதிகபட்சத் தொகை என்ன?

பதில் வழவழவென்று வந்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போய்விடுங்கள். "டெபாசிட் பற்றி வந்து பேசிக்கொள்ளலாம்" என்று சொல்கிற இடத்துக்குப் போகவே வேண்டாம்.

'டெபாசிட் இல்லை' என்று விளம்பரம் செய்கிறவர்கள் சும்மா தரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு முறைக் கட்டணமோ நாள் கட்டணமோ சேர்ப்பார்கள், அது திரும்பி வராது. மூன்று நாளுக்கு எடுக்கிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள், அலைச்சல் மிச்சம் என்பதால் பல நேரம் அதுவே நல்லது. பத்து நாள் என்றால் டெபாசிட் கட்டுவதே லாபம்.

சில இடங்களில் டெபாசிட்டுக்குப் பதிலாகப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வார்கள். எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், அது போதும். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்க அங்கே சட்டமே இடம் தருவதில்லை. ஊர் திரும்பும் நாளில் அந்தக் கடை பூட்டிக் கிடந்தால் உங்கள் நிலைமை என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

முன்பணம் கட்ட வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவார்கள். ஓடிபி உங்கள் இந்திய எண்ணுக்குத்தான் வரும். இந்திய சிம்மில் ரோமிங் திறந்திருக்கிறதா என்பதைக் கிளம்பும் முன்பே சரிபாருங்கள்.

5. அங்கே இருக்கும் உறவினர் உதவினால்

துபாயில் மச்சானோ சித்தப்பா பையனோ இருந்தால், "என் கார்டில் எடுத்துத் தருகிறேன், நீ ஓட்டு" என்பார்கள். நல்ல மனசுதான். ஆனால் அதைச் செய்கிற விதம் முக்கியம்.

ஒப்பந்தம் அவர் பெயரில் இருக்கும், கார்டும் அவருடையது. உங்கள் பெயரைக் கூடுதல் ஓட்டுநர் என்று அதே ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். உங்கள் லைசென்ஸ், ஐடிபி நகல்களைக் கொடுத்து, ஒப்பந்தத் தாளில் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சின்னக் கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அப்படிச் சேர்க்காமல் நீங்கள் ஓட்டி எங்காவது இடித்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், முழுச் செலவும் உங்கள் உறவினர் தலையில் விழும். சிறிய உதவி கேட்கப் போய் ஒரு குடும்பத்தையே கடனில் தள்ளிவிடக்கூடிய விஷயம் இது. 'ஒரு நாள்தானே' என்று விடாதீர்கள்.

கார்டு அவருடையது, ஒப்பந்தம் உங்கள் பெயரில் என்பதற்கும் சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். அதற்குக் கார்டுக்காரர் எமிரேட்ஸ் ஐடி என்ற அமீரக அடையாள அட்டையோடு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.

6. எவ்வளவு பணம் வைத்திருக்க வேண்டும்

நான் விசாரித்த இடங்களில் சின்ன ஆட்டோமேட்டிக் காருக்கு நாள் வாடகை 80 முதல் 130 திர்ஹாம் வரை சொன்னார்கள். வாரக் கணக்கில் எடுத்தால் குறையும். நவம்பர் முதல் மார்ச் வரை சீசன் என்பதால் ஏறும். டெபாசிட் 1,000 முதல் 1,500 திர்ஹாம்.

ஆறு நாளுக்கு ஒரு மாதிரிக் கணக்கு. வாடகை நாளுக்கு 100 என்றால் 600. சிடிடபிள்யூ என்கிற சேதக் காப்பு நாளுக்கு 20 என்றால் 120. இரண்டுக்கும் 5% வாட் 36. சாலிக் இருபது தடவை, 6 வீதம் 120. பெட்ரோல் 150, பார்க்கிங் 100. மொத்தம் 1,126 திர்ஹாம். டெபாசிட் 1,500 சேர்த்தால் 2,626, அதாவது சுமார் 63,000 ரூபாய் உங்கள் கையிலோ கார்டிலோ தயாராக இருக்க வேண்டும். இதில் டெபாசிட் பகுதி பயணம் முடியும்வரை உங்களுக்கு உதவாது. ஹோட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் வேறு பணம் ஒதுக்குங்கள்.

கிலோமீட்டர் வரம்பைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். நாளுக்கு 250 கி.மீ. என்று பொதுவாகத் தருவார்கள். துபாயிலிருந்து அபுதாபி ஒரு வழியே ஏறக்குறைய 140 கி.மீ. போய், பெரிய மசூதியும் கார்னிஷும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் 300 தாண்டிவிடும். வரம்பு நாளுக்கு நாள் தனியா, ஆறு நாளுக்கும் சேர்த்து 1,500-ஆ என்று கேளுங்கள். சேர்த்துத் தருகிறார்கள் என்றால் ஊருக்குள் சுற்றும் நாள்களில் மிஞ்சுவது அபுதாபிக்கு உதவும்.

7. காரை வாங்கும் நேரம்

கார்டை மெஷினில் போடும் முன் ஒரு கேள்வி வரும்: ரூபாயிலா, திர்ஹாமிலா? ரூபாய் என்று தொட்டால் மெஷின்காரர் வைத்த விலையில் மாற்றுவார்கள், அது எப்போதும் நமக்கு நஷ்டம். திர்ஹாமையே தேர்ந்தெடுங்கள். கவுன்டர் பையன் கேட்காமலே ரூபாயை அழுத்திவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள்.

வரும் ஸ்லிப்பை அங்கேயே படியுங்கள். மேலே 'ப்ரீ-ஆத்' என்று இருந்தால் முடக்கம். 'சேல்' அல்லது 'பர்ச்சேஸ்' என்று இருந்தால் பணம் போய்விட்டது, அவர்கள் திருப்பி அனுப்பினால்தான் வரும். 'சேல்' ஆக இருந்தால், ஒப்பந்தத்தில் வாடகை தனி, திருப்பித் தர வேண்டிய டெபாசிட் தனி என்று எழுதி வாங்குங்கள். இரண்டையும் ஒரே தொகையாகப் போட்டுவிட்டால் பின்னால் 'எது டெபாசிட்?' என்ற வாக்குவாதம் வரும். ஸ்லிப்பின் மை சில வாரத்தில் மங்கிவிடும், உடனே போட்டோ எடுங்கள். ரொக்கமாகக் கட்டினால் முத்திரையிட்ட ரசீது இல்லாமல் நகராதீர்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அந்த ரொக்கத்தை யார் வாங்கிக்கொள்வது என்பதையும் அதே ரசீதில் எழுத வையுங்கள், உறவினரோ நண்பரோ, பெயரும் எமிரேட்ஸ் ஐடி எண்ணுமாக.

அப்புறம் கார். பெரும்பாலும் கட்டடத்தின் அடித்தளப் பார்க்கிங்கில்தான் கையில் தருவார்கள். வெளிச்சம் மங்கலாக இருக்கும், கார் அப்போதுதான் கழுவி ஈரமாக நிற்கும். ஈரத்தில் கீறல் தெரியாது. ஒரு துணி வாங்கித் துடையுங்கள். போன் டார்ச்சைப் பெயின்ட்டுக்குச் சாய்வாகப் பிடித்து, நிறுத்தாமல் ஒரே வீடியோவாகக் காரைச் சுற்றி வாருங்கள். முன் பம்பரின் கீழ் உதடு, நான்கு சக்கர ரிம்களின் விளிம்பு, கதவுக் கைப்பிடிக்குள் நகம் பட்ட கோடுகள், முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி. சண்டை வருவது இந்த நான்கு இடங்களில்தான். எங்களிடம் ஒரு நிறுவனம் பின்பக்க வலது ரிம்மில் உரசல் என்று 400 திர்ஹாம் கேட்டது. எடுத்த அன்றைய வீடியோவில் அதே உரசல் தேதியோடு இருந்ததைக் காட்டியதும் பேச்சு நின்றது.

வீடியோவின் கடைசியில் ஓடிய கிலோமீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் காட்டுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீடியோவை அந்த நிமிடமே நிறுவனத்தின் வாட்ஸ்அப்பிற்கு அனுப்பிவிடுங்கள். காரின் பதிவு அட்டையான முல்கியா, அசலோ டிஜிட்டல் நகலோ, உங்களிடம் இருக்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால் கேட்பது அதைத்தான்.

8. டெபாசிட்டைத் தின்னும் அபராதங்கள்

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் இடப்பக்கம். முதல் நாள் சனிக்கிழமையோ ஞாயிறோ காலையாக இருந்தால் சாலை காலியாக இருக்கும், கை பழகும்.

வேக வரம்பு விஷயத்தில்தான் நம்மவர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். துபாயில் பலகையில் போட்டிருக்கும் வேகத்துக்கு மேல் 20 கி.மீ. வரை கேமரா விட்டுவிடும். அபுதாபி எமிரேட்டில் 2018 ஆகஸ்ட் முதல் அந்தச் சலுகை இல்லை, பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லை. துபாய் பழக்கத்தில் அப்படியே அழுத்திக்கொண்டு அபுதாபிக்குள் நுழைந்தால், போகும் வழியிலேயே இரண்டு மூன்று கேமராவில் பதிவாகிவிடும். அபராதம் 300 திர்ஹாமிலிருந்து தொடங்கும், வேகம் கூடக்கூட 600, 700, 1,000 என்று ஏறி 3,000 வரை போகும்.

ஓட்டும்போது போனைத் தொட்டால் 800. முன்னால் போகும் காரை ஒட்டி ஓட்டினால் 400. பின்சீட்டில் இருப்பவர் உட்பட யார் பெல்ட் போடாவிட்டாலும் 400. நான்கு வயது வரை குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம், இல்லாவிட்டால் 400. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை முன்சீட்டில் உட்கார வைக்கக் கூடாது. குழந்தை இருக்கையை முன்பதிவிலேயே கேட்டு வையுங்கள், கடைசி நேரத்தில் கிடைக்காது. குடித்துவிட்டு ஓட்டுவதற்கு அங்கே அளவே கிடையாது, ஒரு சொட்டும் குற்றம். இந்த அபராதங்களின்மேல் நிறுவனமும் தன் பங்குக்குச் சேவைக் கட்டணம் சேர்க்கும்.

சாலிக் வாயில்களில் நிற்க வேண்டியதில்லை, அடியில் கடக்கும்போதே கணக்கில் ஏறிவிடும். 2025 ஜனவரி 31 முதல் காலை 6 முதல் 10, மாலை 4 முதல் 8 என்ற நெரிசல் நேரங்களில் 6 திர்ஹாம், மற்ற நேரம் 4, நள்ளிரவு 1 முதல் காலை 6 வரை இலவசம் என்பது பொது விதி. ஞாயிறன்று நெரிசல் கட்டணம் இல்லை. நீங்கள் ஷேக் சயீத் சாலையில் போனால் வாயில்கள் வரும். ஷேக் முகமது பின் சயீத் சாலை, அதாவது இ311 வழியாகச் சுற்றிப் போனால் வராது. மேப் ஆப்பில் சுங்கம் தவிர் என்று வைத்துப் பார்த்துவிட்டு, நேரமா பணமா என்று முடிவு செய்யுங்கள். அபுதாபியில் இதே மாதிரி தர்ப் என்று ஒன்று உண்டு.

பார்க்கிங்குக்கு ஆரஞ்சுப் பலகையில் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். பார்க்கின் என்ற ஆப்பிலோ, உள்ளூர் சிம்மிலிருந்து 7275-க்கு மெசேஜ் அனுப்பியோ கட்டலாம். ஞாயிறும் அரசு விடுமுறையும் சாலையோரப் பார்க்கிங் பொதுவாக இலவசம். ஷார்ஜாவுக்கு விதிகள் வேறு, துபாய் ஆப்பில் கட்டியது அங்கே செல்லாது.

9. இடித்துவிட்டால்

இந்தியாவில் செய்வதுபோல் இறங்கிப் பேசி, இருநூறு முன்னூறு கொடுத்து முடித்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உங்களைக் காப்பாற்றாது. போலீஸ் அறிக்கை இல்லாமல் எந்த ஒர்க்‌ஷாப்பும் காரைத் தொடாது, இன்சூரன்ஸும் தராது. சிடிடபிள்யூ கட்டியிருந்தாலும் இதே நிலைதான். சுவரில் நீங்களே உரசிக்கொண்டாலும், பார்க்கிங்கில் யாரோ தேய்த்துவிட்டுப் போனாலும் அறிக்கை வேண்டும்.

யாருக்கும் காயம் இல்லையென்றால் போட்டோ எடுத்துவிட்டுக் காரை ஓரமாக நிறுத்துங்கள். 999-ஐ அழையுங்கள். சின்ன விபத்து என்றால் துபாய் போலீஸ் ஆப்பிலேயே பதியலாம். தவறு உங்களுடையது என்றால் சிவப்புத் தாள், மற்றவருடையது என்றால் பச்சைத் தாள் என்று அங்கே சொல்வார்கள். அதன் நகலை உடனே நிறுவனத்துக்கு அனுப்புங்கள். பச்சை என்றால் பொதுவாக உங்களுக்குச் செலவில்லை. சிவப்பு என்றால், நான்காவது படியில் எழுத்தில் வாங்கச் சொன்னேனே, அந்த அதிகபட்சத் தொகைதான் நீங்கள் கட்ட வேண்டியது.

10. திருப்பிக் கொடுப்பதும் டெபாசிட்டை வாங்குவதும்

விமானம் ஏறுகிற அன்று காலை அல்ல, முதல் நாள் மாலையே காரைத் திருப்பிக் கொடுங்கள். ஏதாவது வாக்குவாதம் வந்தால் பேச நேரம் இருக்கும். விமான நிலையத்துக்கு டாக்ஸி பிடித்துக்கொள்ளலாம். எடுத்தபோது இருந்த அளவுக்குப் பெட்ரோல் போட்டு, பங்க் ரசீதை வைத்துக்கொண்டு, அதே மாதிரி ஒரு வீடியோ எடுங்கள். பார்த்துவிட்டு 'சேதம் இல்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு "அப்புறம் சொல்கிறோம்" என்றால் கிளம்ப வேண்டாம்.

டெபாசிட் திரும்ப 14 முதல் 30 நாள் வரை ஆகும் என்பார்கள். அபராதங்கள் வந்து சேரத்தான் அந்த அவகாசம், அதில் நியாயம் உண்டு. அந்த இடைவெளியில் நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. துபாய் போலீஸ் இணையதளத்தில் அந்தக் காரின் நம்பர் பிளேட் விவரத்தைப் போட்டு அபராதங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் ஓட்டிய தேதி, நேரத்துக்குள் வருவது மட்டுமே உங்களுடையது. நிறுவனம் அனுப்பும் பட்டியலை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சாலிக் பட்டியலைத் தேதி, நேரம், வாயில் பெயரோடு கேளுங்கள். வேறு வாடகைக்காரருடைய அபராதம் உங்கள் பட்டியலில் வந்திருந்தால் இங்கேதான் பிடிபடும்.

சொன்ன நாள் கடந்தும் பணம் வரவில்லையென்றால் முதலில் எழுத்தில் நினைவூட்டுங்கள். கார்டுக்கு அனுப்பிவிட்டோம் என்று சொன்னால் அந்தப் பரிவர்த்தனையின் ஏஆர்என் எண்ணைக் கேளுங்கள். அதை வைத்து உங்கள் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடித் தரும். எண்ணைத் தராமல் இழுத்தால் பெரும்பாலும் அனுப்பவே இல்லை என்றுதான் அர்த்தம். அதற்கும் பதில் இல்லையென்றால் துபாய் நுகர்வோர் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம். இணையத்திலேயே பதியலாம், துபாய்க்குள் இருந்தால் 600545555 என்ற எண்ணிலும் பேசலாம். சுற்றுலாவாக வந்துபோனவரும் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தம், டெபாசிட் ஸ்லிப்பின் போட்டோ, 'சேதம் இல்லை' என்ற கையெழுத்து, வாட்ஸ்அப் பேச்சின் ஸ்கிரீன்ஷாட் இந்த நான்கையும் இணையுங்கள்.